ஐப்பசி மழையில் இருபது நாள், ஆளுக்கு ஒரு பை

சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐப்பசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு இருபது நாள் எங்கள் பக்கம் வருகிறாராம். திருநெல்வேலியில் இறங்கி, நவதிருப்பதி பார்த்துவிட்டு, கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர், பிறகு பாபநாசம், குற்றாலம், முடிந்தால் மாஞ்சோலை. எல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும்தான். அம்மாவுக்கு முட்டி வலி. ஆளுக்கு ஒரு பைக்கு மேல் தூக்க முடியாது. மழைக்காலத்தில் அவ்வளவு குறைவான துணியோடு வந்தால் சமாளிக்க முடியுமா என்பது கேள்வி.

முடியும் தம்பி. குறைவாகக் கொண்டுவந்தால்தான் சமாளிக்க முடியும் என்றே சொல்வேன். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இந்தச் சீமையைப் பஸ்ஸிலேயே சுற்றியவன். வேலையில் சேர்ந்தபோது தூத்துக்குடி, தென்காசி எல்லாம் ஒரே மாவட்டம். 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. வேலையில் இருந்தவரை என் மழைக்காலச் சுற்று மட்டும் மாறவில்லை: சங்கரன்கோவில், தென்காசி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்.

முதல் வருடம் பத்துச் சட்டையும் நாலு பேண்ட்டும் ஒரு தோல் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். நாளுக்கு ஒன்று, துவைக்கும் வேலையே இல்லை என்பது கணக்கு. மூன்றாம் நாள் ஒரு சிற்றூர் லாட்ஜில் ராத்திரி முழுக்க ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கிறது. காலையில் பெட்டியைத் திறந்தால் அடித்தட்டுத் துணிகள் ஈரம். அதை எங்கே காயப்போடுவது? பத்துச் சட்டைக்கு ஒரு அறையில் ஏது கொடி? ஈரத்தோடேயே மூடி அடுத்த ஊருக்குத் தூக்கினேன். சுற்று முடிந்து வீடு திரும்பியபோது பெட்டியின் தோலில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. வெளுத்த சட்டைகளில் மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள். அந்தப் புள்ளி எந்தச் சலவைக்கும் போகாது.

அன்றிலிருந்து எத்தனை நாள் பயணம் என்று பார்த்துத் துணி எடுப்பதை விட்டேன். ஒரு துணி காய எத்தனை மணி நேரம் என்று பார்த்து எடுக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்குத் துவைத்தது காலை ஆறு மணிக்குள் காய்ந்துவிடும் என்றால் அதில் இரண்டு போதும், பயணம் இருபது நாளானாலும் இரண்டு மாதமானாலும். காயாத துணி என்றால் இருபது கொண்டுவந்தாலும் மூன்றாம் நாளே தட்டுப்பாடு வந்துவிடும்.

எது காயும், எது காயாது என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருந்தபோது, கடைக்காரர் சிரிக்கச் சிரிக்க, அவருடைய தராசில் நான் துணிகளை நிறுத்தேன். முதலில் காய்ந்தபடி, பிறகு நனைத்து நன்றாகப் பிழிந்து. டர்க்கி டவல் 480 கிராம் இருந்தது, ஈரத்தோடு 1,150. என் மகனுடைய ஜீன்ஸ் 720 இருந்தது, ஒன்றரைக் கிலோவைத் தொட்டது. நாலு முழ வேட்டி 220 கிராம், ஈரத்தோடு 430. ஈரிழைத் துண்டு வெறும் 140, ஈரத்தோடு 310. ஜீன்ஸ் குடித்து வைத்திருக்கும் முக்கால் கிலோ தண்ணீர் ஐப்பசிக் காற்றில் எப்படிப் போகும்? காற்றே ஏற்கெனவே ஈரத்தில் நிறைந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் நாம் தோளில் சுமப்பதில் பாதி தண்ணீர்தான்.

ஆகவே ஜீன்ஸ் வேண்டாம், டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம். ஈரிழைத் துண்டு இரண்டு எடுங்கள். ஊர்ப்பக்கம் குற்றாலத் துண்டு என்றே கேட்டு வாங்குவோம். துவட்ட, தலையில் போட, பஸ் சீட்டில் ஈரம் இருந்தால் துடைக்க, திருச்செந்தூர்க் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருப்பதால் மேலே போட்டுக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அதுதான். கீழே உடுத்த ஒரு வேட்டி, ஒரு சாரம். சென்னையில் லுங்கி என்பீர்கள், இங்கே சாரம். இரண்டும் ஒற்றைத் துணி, தையலும் மடிப்பும் பையும் கிடையாது, மின்விசிறி இல்லாவிட்டாலும் காய்ந்துவிடும். தெருவில் தண்ணீர் ஓடினால் முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு நடக்கலாம். பேண்ட்டை அப்படித் தூக்க முடியாது. வேட்டி பழக்கமில்லை என்றால் மெல்லிய பாலியஸ்டர் கலந்த பேண்ட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையும் கலப்புத் துணியாக இருக்கட்டும். முழுப் பருத்தி நல்லதுதான், சித்திரையில்.

மொத்தம் மூன்று செட். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். மூன்றாவது இரவுக்கான காய்ந்த செட். அதை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் தொடக் கூடாது. பகல் முழுக்க நனைந்து உலாவலாம், ஒன்றும் ஆகாது. ராத்திரி காய்ந்த துணியில் படுக்க வேண்டும். அதை உடைத்தவர்களுக்குத்தான் ஐந்தாம் நாள் சளி பிடித்துப் பயணம் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மற்ற செட் இரண்டும் ஈரமாக இருந்தால் காலையில் அந்த ஈரத்தையே உடுத்திக்கொண்டு வெளியே போங்கள். கொஞ்சம் கூசும், பத்து நிமிடத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்.

துவைத்ததைக் காய வைப்பதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. பிழிந்த சட்டையை அப்படியே கொடியில் போடாதீர்கள். காய்ந்த துண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் சட்டையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, அந்தச் சுருளின்மேல் ஏறி நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிதித்துக்கொண்டே போங்கள். கையால் பிழிந்தபின் சட்டையில் மிச்சமிருக்கும் தண்ணீரில் பெரும்பங்கு துண்டுக்குப் போய்விடும். பிறகு சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, விசிறிக் காற்று படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். இதற்காக மெல்லிய நைலான் கயிறு ஐந்து மீட்டர் பையில் இருக்கட்டும். ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்கும் நடுவே கட்டிவிட்டால் ஒரு கொடி. லாட்ஜ்காரர்கள் முகம் சுளிப்பார்கள், காலையில் அவிழ்த்துவிடுங்கள்.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் ஏமாற்றும். காலரின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். கடைசியாகக் காய்வது காலரும், கைமடிப்பும், பேண்ட்டின் இடுப்புப் பட்டையும், பையின் உள்துணியும்தான். அந்த மிச்ச ஈரத்துக்கு இஸ்திரிக்காரரைப் பிடியுங்கள். எங்கள் ஊர்களில் கரி போட்ட பெட்டியோடு தெருமுனை வண்டியில் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்சாரம் போனாலும் அவர் வேலை நிற்காது. நாலு இழுப்பில் துணியிலிருந்து ஆவி கிளம்பும், கையில் வாங்கும்போது சுடச்சுட இருக்கும். அம்பாசமுத்திரத்தில் எனக்கு வாடிக்கையாக ஒருவர் இருந்தார். "சார் துணிக்குத் தண்ணி தெளிக்கிற வேலையே இல்லை" என்பார். கரி கூடச் செலவாகிறது என்று ஒரு ரூபாய் கூடுதலாகவும் வாங்குவார்.

அம்மாவுக்கு வருவோம். புடவை ஐந்தரை மீட்டர் நீளம், ஆனால் ஒற்றைத் துணி. மெல்லிய பாலியஸ்டர் புடவை மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். சுங்குடி போன்ற மெல்லிய பருத்தி என்றால் ஓர் இரவு, கஞ்சி போடாமல் இருந்தால். சிக்கல் புடவையில் இல்லை, உள்பாவாடையில் இருக்கிறது. பாப்ளின் பாவாடையின் நாடா போகும் மடிப்பு இரண்டு நாளானாலும் காயாது. அந்த ஈரம் இடுப்பிலேயே உட்கார்ந்து புண்ணாக்கிவிடும். வழவழப்பான செயற்கை இழைப் பாவாடை இரண்டு வாங்கிக் கொடுங்கள். இரவுக்கு நைட்டி அவர்களுடைய காய்ந்த செட். கோயிலுக்கு ஒரு பட்டாவது வேண்டும் என்று அம்மா சொல்வார்கள். மழைத்துளி பட்டால் பட்டில் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் அதில் நான் தலையிடுவதாக இல்லை. என் வீட்டிலேயே தோற்றவன்.

குடையா, மழைக்கோட்டா என்று எப்போதும் கேட்பார்கள். அது எந்த மழை என்பதைப் பொறுத்தது. ஆனி, ஆடியில் மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு வருவது சாரல். தூவலாகக் குறுக்கே அடிக்கும். குற்றாலத்தில் அந்த நேரத்தில் குடை பிடித்தால் காற்று அதைப் பூப்போல விரித்துக் கம்பியை ஒடித்துவிடும். உள்ளூர்க்காரர்கள் யாரும் பிடிக்க மாட்டார்கள், நனைவார்கள், அவ்வளவுதான். அதே நாட்களில் திருநெல்வேலி டவுனில் காற்று மட்டும் வீசும், மழை இருக்காது. நீங்கள் வருவது ஐப்பசியில். இது கிழக்கேயிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை. இடியோடு கொட்டும், பெரும்பாலும் நேராக விழும். இதற்குக் குடைதான் சரி. மூன்றாக மடிக்கிற குடையைவிட இரண்டாக மடிக்கிறது கம்பி தாங்கும். முழு மழைக்கோட்டு போட்டால் சமவெளிப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்து, மழையில்லாமலே நனைந்துவிடுவீர்கள்.

வயலில் நடவு நடுகிற பெண்கள் உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு குனிந்து வேலை செய்வதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பீர்கள். தலையும் முதுகும் நனையாது, கை இரண்டும் சும்மா இருக்கும், காற்றும் உள்ளே போகும். இவ்வளவு வசதியான மழை உடை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அந்த உரச்சாக்கு எனக்கு வேறு விதத்திலும் கைகொடுத்தது. பைக்கு வெளியே போடுகிற மழை உறையை நம்பாதீர்கள். முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கம் திறந்தே இருக்கும், முதுகில் வழிகிற தண்ணீர் அந்த வழியாக இறங்கும். பைக்கு உள்ளேதான் உறை வேண்டும். உள்ளே பாலித்தீன் ஒட்டிய உரச்சாக்கை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பைக்குள் இறக்கி, துணியெல்லாம் அதற்குள் வைத்து, வாயை இரண்டு முறை முறுக்கி மடித்துக் கட்டுவேன். பை நனைந்தாலும் துணி நனையாது. ஈரத்துணிக்குத் தனியாக இன்னொரு உறை. கேரி பேக்குகளை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே நாளில் கிழிந்துவிடும். தவிர 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அவற்றுக்குத் தடை. பாபநாசம் மலையில் ஏறும்போது வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள்.

பஸ்ஸில் பையை சீட்டுக்கு அடியில் தள்ளாதீர்கள். ஷட்டர் வழியாக ஒழுகுகிற தண்ணீரும், ஏறுகிறவர்கள் குடையிலிருந்து வடிகிற தண்ணீரும் தரையில் தேங்கி, டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். மடி, இல்லாவிட்டால் மேல் தட்டு. மடியில் வைக்க முடிகிற அளவுதான் பை என்று வைத்துக்கொண்டால் ஆறு கிலோவுக்குள் வந்து நிற்கும்.

காலுக்கு ஷூ வேண்டாம். நனைந்த ஷூ மூன்று நாளைக்குக் காயாது, அதற்குள் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு ஒரு ஜோடி போதும். வாரில்லாத செருப்பு சேற்றில் காலை விட்டுக் கழன்றுபோகும், அருவிக்கரைப் பாசியில் வழுக்கும். எப்படியும் ஒரு நாளைக்கு நாலு கோயிலில் கழற்றி மாட்டப் போகிறீர்கள். ராத்திரி காலைக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள். இருபது நாளும் அம்மா நடக்க வேண்டும் என்றால் முட்டியை விட முக்கியம் இந்த விரலிடுக்குதான்.

சோப்பு, ஷாம்பு பாட்டில்களெல்லாம் எதற்கு? குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை. மற்ற இடங்களில் பெட்டிக்கடையில் சின்னப் பாக்கெட் கிடைக்கும். கொசுவத்தி, தீப்பெட்டி, பற்பசை எதுவும் சுமக்காதீர்கள். சுக்குக் காப்பி எல்லா பஸ் நிலையத்திலும் உண்டு. இங்கே வாங்க முடியாதவை மூன்றுதான்: அம்மாவின் மாற்றுக் கண்ணாடி, அவர்கள் காலுக்குப் பழகிய செருப்பு, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. மாத்திரையை இருபது நாளுக்கு எடுக்காதீர்கள், இருபத்தைந்து நாளுக்கு எடுங்கள். இறுக்கமாக மூடுகிற சின்னச் சம்படத்தில் போட்டு வையுங்கள். அட்டையோடு கிடந்தாலும் ஈரம் ஏறினால் பின்பக்க எழுத்து அழிந்து எது எந்த மாத்திரை என்றே தெரியாமல் போவதை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஐந்து நாள் எதற்கு என்றால், 2023 டிசம்பர் 17ஆம் தேதி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த கல்லையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள் இரண்டு இரவு அங்கேயே. சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. போனில் பணம் அனுப்பிப் பழகியவர்கள் ஒரு டீ வாங்கக் காசில்லாமல் நின்றார்கள்.

எனவே அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என இடுப்பில் கட்டுகிற சின்னப் பை இருக்கட்டும். சம்படம், நூறும் ஐம்பதுமாக இரண்டாயிரம் ரூபாய், சின்ன டார்ச், பவர் பேங்க், ஒரு பொட்டலம் கடலை மிட்டாய், ஆதார் நகலும் வீட்டு போன் எண்ணும் எழுதிய தாள், எல்லாம் ஜிப் உறைக்குள். பெரிய பை போனால் போகட்டும், இது உடம்பை விட்டு இறங்கக் கூடாது. சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கில் கூட்டம் நெருக்கும்போதும் இதுதான் உங்கள் கையிருப்பு. அன்று பெரிய பையை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

நவதிருப்பதிக்கும் அப்படியே. ஒன்பது கோயிலும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் சுற்றுவட்டாரத்தில் தாமிரபரணியை ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரே ஊரில் இரண்டு நாள் அறை எடுத்துப் பையை வைத்துவிட்டுச் சுற்றுங்கள். மத்தியானம் நடை சாத்தியபின் நாலைந்து மணி நேரம் சும்மா கிடைக்கும். துவைத்துக் காயப்போட அதுதான் வேளை.

மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், மழை வலுத்தால் பாதையை மூடிவிடுவார்கள். மணிமுத்தாறில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மேலே குளிரும், ஆளுக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை போதும். ஈரமானாலும் கம்பளி கொஞ்சம் சூடு தரும். புல்லில் நடந்தால் அட்டை ஏறும். ஒரு கைப்பிடி உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடித்த அட்டையைப் பிய்க்காமல் அந்த முடிச்சை நனைத்து அதன்மேல் ஒற்றினால் தானே விழுந்துவிடும். இறங்கி வந்ததும் அம்மாவின் பாவாடை விளிம்பை ஒரு முறை உதறச் சொல்லுங்கள்.

இவ்வளவு கவனமாக வந்துவிட்டு, போகும்போது எட்டுக் கிலோ ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருச்செந்தூரில் கருப்பட்டியைப் பார்த்ததும் அம்மா இரண்டு கிலோ கேட்பார்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும். பாபநாசம் போவதற்குள் பைக்குள் பாகாக ஓடி, அந்தக் காய்ந்த செட்டையும் நாசம் செய்துவிடும். அங்கேயே கூரியரில் சென்னைக்கு அனுப்பிவிடுங்கள். பத்தமடைப் பாயும் அப்படித்தான், ஈரம் பட்டால் கோரை கறுத்துவிடும், தோளில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள். அல்வாவை ரயில் ஏறுகிற அன்று மாலை டவுனில் வாங்குங்கள், சூடாகத்தான் கொடுப்பார்கள். சூட்டோடு மூடிக் கட்டினால் உள்ளே வேர்க்கும். பொட்டலத்தின் வாயைக் கொஞ்சம் திறந்து மடியிலேயே வைத்துக்கொண்டு, கோவில்பட்டி தாண்டியபின் கட்டுங்கள். அதுவரை அது கட்டும்படியாக மிஞ்சியிருந்தால்.